பஸ்தோரா வீட்டு முற்றத்தின் வழிகாட்டி

எங்கள் ஊர் கோர்தோபாவில் குதிரை வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருமே பொய் சொல்வார்கள். ஏறுகிற ஆளுக்குத் தகுந்தபடி பொய்யை மாற்றுவார்கள். எதிர்வீட்டு நிகானோர் மட்டும் யார் ஏறினாலும் அதே பொய்யை, அதே வார்த்தையில், அதே இடத்தில் சொல்வார். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓட்டினார்.

மெஸ்கீத்தாவின் மதிலோரம் வண்டியை நிறுத்தி ஆள் ஏற்றுவார். மசூதியாகக் கட்டிப் பிறகு பேராலயம் ஆக்கிய அந்தக் கட்டடத்தைப் பார்க்கத்தான் உலகமே இந்த ஊருக்கு வருகிறது. வண்டியில் ஏறினவர்கள் தொப்பியைச் சரிசெய்வதற்குள் நிகானோர் ஆரம்பித்துவிடுவார். "உள்ள தூணுங்கள எண்ணிடாதீங்க. எண்ணப் போனவன் எவனும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பினதில்ல." ஆற்றுப் பாலம் வந்ததும், "இத ரோமாக்காரன் கட்டினான். அதுக்கப்புறம் வந்தவன் எல்லாம் ரிப்பேர்தான் பண்ணான். ரிப்பேர் பண்ணவன் பேரு யாருக்காவது தெரியுமா?" போத்ரோ சதுக்கத்து நீரூற்றின் மேல் ஒரு சின்னக் குதிரைக்குட்டிச் சிலை நிற்கிறது. அதைக் காட்டி, "இது நம்ம கொந்தேசாவோட தாத்தா" என்பார். கொந்தேசா அவர் வண்டியை இழுத்த குதிரை. அந்த இடத்தில் அவர் கடிவாளத்தைக் கொஞ்சம் சுண்டுவார், அதுவும் தலையை ஆட்டும். வெளிநாட்டுப் பெண்கள் உருகிப்போவார்கள். இன்னொரு சதுக்கத்தில் விளக்குகளுக்கு நடுவில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து சிலையின் முன்னால் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருப்பார். சுற்றி முடிந்து இறங்கும்போது எல்லாரும் சிரித்த முகமாக இறங்குவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் அந்த வாய் செல்லாது. அங்கே பஸ்தோராவின் ஆட்சி. சான் பசீலியோ தெருவில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிர். அவள் வீட்டு முற்றத்தின் நாலு சுவரிலும் நீலத் தொட்டிகள். கீழிருந்து கூரை வரைக்கும் ஜெரேனியம், கார்னேஷன், மூலையில் மல்லிகை, மாடிப்படியோரம் காகிதப்பூ. எல்லாம் அவள் கைபட்டு வந்தது. காய்ந்த குச்சியை மண்ணில் குத்தினால்கூட அவளுக்குத் தளிர்விடும். என் முற்றத்தில் அதே குச்சி அழுகும். நான் பொறாமையில் பேசுகிறேன் என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், பொறாமைதான்.

தொட்டியைத் தொட நிகானோருக்கு அனுமதி கிடையாது. ஒரே ஒரு வேலையை மட்டும் அவள் அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தாள். நீளக் கழியின் நுனியில் தகர டப்பாவைக் கட்டி, கிணற்றுத் தண்ணீரை மொண்டு, மேல் வரிசைத் தொட்டிகளுக்கு ஊற்றுவது. அதிலும் தகராறுதான். "கொஞ்சமா ஊத்துய்யா, அது செடி, உன் குதிரை இல்ல" என்று அவள் கத்துவது என் சமையலறைக்குக் கேட்கும். "அடியே, குதிரை கூட இவ்வளவு கத்தாதுடி" என்று அவர் சொல்வதும் கேட்கும். கல்யாணமான நாளிலிருந்து தினமும் அதே நேரத்தில் இதே பாட்டு. தெருவில் யாருக்கும் கடிகாரம் தேவைப்பட்டதில்லை.

முழங்கால் போன பிறகு நிகானோர் வண்டியையும் கொந்தேசாவையும் விற்றுவிட்டார். இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் கொந்தேசாவுக்குப் புல் போட வேண்டும் என்று கிளம்பினார். நாங்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்தோம். அடுத்த மாதம் மெஸ்கீத்தா மதிலோரம் போய் யாருடைய வண்டியிலோ ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டிக்காரன் பெனிதோ நல்லவன். கடிவாளத்தைத் தான் பிடித்துக்கொண்டு, பேச்சை அவருக்கு விட்டுவிட்டான். தூண், பாலம், குதிரையின் தாத்தா எல்லாம் ஒரு சொல் பிசகாமல் வந்ததாம். ஏறியிருந்த ஜெர்மன்காரர்கள் கை தட்டினார்களாம். சுற்றி முடித்து இறங்கினவர், "என் வீடு எந்தப் பக்கம்?" என்று பெனிதோவிடம் கேட்டார்.

டாக்டர் ஒரு பெயர் சொன்னார். பஸ்தோரா அந்தப் பெயரை வீட்டுக்குள் சொல்ல விடவில்லை. ஆனால் வியாதி பெயரைக் கேட்டுக்கொண்டா உள்ளே வருகிறது? ஒரு காலையில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்த பஸ்தோராவிடம், "உங்க எஜமானி எப்ப வருவாங்க?" என்று கேட்டாராம்.

"நீ என்னடி சொன்ன?" என்று கேட்டேன்.

"எஜமானி செத்துட்டா, இனிமே எல்லாம் நான்தான்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பிறகு என் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் அறுபது வயதுக்கு மேல்.

அவர்களுக்கு ஒரே மகள், அராசேலி. கடற்கரை ஊரான மலாகாவில் மருந்துக்கடையில் வேலை. தங்கமான பெண், ஆனால் எதையும் முடிவு செய்த பிறகுதான் யோசனை கேட்பாள். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு விடுதி இருக்கிறது, கடல் தெரியும், டாக்டர் எப்போதும் இருப்பார், அப்பாவுக்கு ஓர் இடம் சொல்லிவைத்திருக்கிறேன் என்று மார்ச் மாதம் வந்து சொன்னாள். பஸ்தோரா வேண்டாம் என்றாள். அராசேலி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கண்ணாடியில உன்னப் பாரு. தூங்கறியா நீ? சாப்பிடறியா? அவரு போகலன்னா நீ போயிடுவ."

அதில் பொய் இல்லை. ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்து பஸ்தோரா பாதியாகியிருந்தாள். கடைசியில் முற்றத் திருவிழா முடியட்டும் என்று தவணை வாங்கினாள். மே மாதம் திருவிழா முடிகிற ஞாயிற்றுக்கிழமை அராசேலி வருவாள். அப்பா சமாளிக்கிற நிலையில் இருந்தால் வீட்டிலேயே இருப்பார். இல்லையென்றால் திங்கட்கிழமை மலாகாவுக்குப் போய்விடுவார். விடுதிக்காரர்களும் அந்தத் திங்கள் வரைக்கும்தான் இடத்தை வைத்திருப்பார்கள்.

திருவிழா என்றால் எங்கள் ஊரில் மே மாதத்தில் வீட்டுக் கதவுகளைத் திறந்துவைத்துவிடுவோம். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து முற்றத்தைப் பார்க்கலாம். எந்த முற்றம் அழகு என்று பரிசும் உண்டு. நடுவர்களும் வருவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக ஆயிரக்கணக்கில் மனிதர்கள் வந்து, "இது நெசப் பூவா?" என்று தொட்டுப் பார்ப்பார்கள். "இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்று குடியிருக்கிறவளிடமே கேட்பார்கள். கழிப்பறை எங்கே என்பார்கள். கைப்பைக்குள் ஒரு கிளையை ஒடித்துப் போட்டுக்கொண்டு சாமி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் பஸ்தோரா கதவைத் திறக்க மாட்டாள் என்றுதான் தெருவே நினைத்தது. அவள் ஏப்ரலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் போய் ஏணியின் கீழ் நின்று சண்டை போட்டேன்.

"புத்தி கெட்டவளே, கதவத் தெறந்து வச்சா மனுஷன் குதிரையத் தேடிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போயிடுவாருடி."

"தெறக்கலன்னா வீட்டுக்குள்ளயே காணாமப் போயிட்டிருக்காரு. அது பரவாயில்லையா உனக்கு?"

"ஜனங்க முன்னால ஏதாவது உளறினா?"

"இத்தன வருஷமா உளறினதுக்குத்தானே வண்டில ஏறினாங்க. நீ ஏணியப் பிடி."

பிடித்தேன். அவளோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

முதல் நாள் கதவு திறந்தது. என் முற்றத்தையும் நான் திறந்துதான் வைத்திருந்தேன், ஆனால் என் கண்ணெல்லாம் எதிரே. வரிசையை ஒழுங்குபடுத்த நகராட்சி அனுப்பிய பெண் வாசலில் நின்றாள். முதல் பத்துப் பேர் உள்ளே போனார்கள். நிகானோர் கிணற்றடியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் பழைய அகல விளிம்புத் தொப்பி. வந்தவர்களை வெறித்துப் பார்த்தார். பஸ்தோரா சமையலறைக் கதவோரம் நின்றாள். அவர் எழுந்தார், தொப்பியைக் கொஞ்சம் தூக்கி வணக்கம் சொன்னார்.

"வாங்க, வாங்க. வெயில்லேர்ந்து இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. வலது கைப் பக்கம் பாருங்க, கிணறு. மசூதி கட்டின மூர் ராஜா காலத்துக் கிணறு."

"எங்கப்பன் தோண்டினதுய்யா அது!" சமையலறையிலிருந்து பஸ்தோராவின் குரல் தானாக வந்துவிட்டது.

"அது என் பொண்டாட்டி" என்றார் நிகானோர். "அவளும் மூர் ராஜா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கா."

பத்துப் பேரும் சிரித்தார்கள். எனக்கு என் வீட்டில் நிற்க முடியவில்லை, ஓடிப்போய்ப் பார்த்தேன். மனிதர் முற்றத்தை வண்டியில் சுற்றிக் காட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தார். இடது பக்கம் மல்லிகை, நேர் எதிரே மாடிப்படி, இந்தக் கழியால் தண்ணீர் ஊற்றுவோம், குனிஞ்சு வாங்க, தொட்டி தலையில் இடிக்கும். கொஞ்சம் தூணும் பாலமும் நடுவில் கலந்துதான் வந்தது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. அந்தக் கூட்டம் போய் அடுத்த கூட்டம் வந்தது. மறுபடி எழுந்தார், மறுபடி தொப்பியைத் தூக்கினார், மறுபடி மூர் ராஜா. பஸ்தோராவும் சரியான இடத்தில் உள்ளேயிருந்து கத்தினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே கத்தினாள்.

ஒரு பிரெஞ்சுக்காரி கறுப்புக் கண்ணாடியை மறந்துவைத்துவிட்டுப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். நிகானோர் அவளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். தொப்பியைத் தூக்குவது, நிறுத்துவது, எல்லாம் அச்சு அசல். அவள் அதை நாடகம் என்று எண்ணி, "பிரமாதம், பிரமாதம்" என்று கை தட்டினாள். அவர் குனிந்து வணங்கினார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வீட்டில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் வியாதி. வந்துபோகிறவர்களுக்குச் சொன்னால் அது உபசாரம். அந்த முற்றத்தில் எல்லாருமே ஒருவரையொருவர் தெரியாதவர்கள், யாரும் யாரையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியதில்லை. நிகானோருக்கு ஏற்ற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். பஸ்தோராவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. எனக்குத்தான் மெதுவாக விளங்கியது.

அந்த நாட்களில் மனிதர் நன்றாகச் சாப்பிட்டார். பகலெல்லாம் நின்று பேசின களைப்பில் ராத்திரி தூங்கினார், அதனால் அவளும் தூங்கினாள். காலை நேரம் மட்டும் கஷ்டம். கதவு திறக்கும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பஸ்தோராவிடம் ஏதாவது கேட்கவே பயப்படுவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முகம் மாறிவிடும். பரிசு அந்த வருஷம் வேறு தெருவுக்குப் போனது. எனக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

கடைசி ஞாயிறு வந்தது. அராசேலி மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தாள், காலையிலேயே வந்துவிட்டாள். நேராக உள்ளே போகவில்லை. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். எனக்கு நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சோதனை போட வந்திருக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. என் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு நானும் அவள் பின்னால் உள்ளே நுழைந்தேன்.

நிகானோர் கிணற்றைக் காட்டினார், மல்லிகையைக் காட்டினார். அராசேலி முன்வரிசையில் நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள், தொப்பியையும் கழற்றினாள். அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, பின்னால இருக்கறவங்களுக்கு மறைக்குது" என்றார்.

அவள் தள்ளி நின்றாள். பிறகு கேட்டாள்: "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா, ஐயா?"

"ஒரு பொண்ணு. மலாகாவுல மருந்துக்கடைல இருக்கா. டாக்டருங்க எழுதறதையே தப்புன்னு திருப்பி அனுப்புவா. அவ்வளவு விவரம்." கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "அம்மாவோட வாய். முகம் மட்டும் நல்லவேளையா என் ஜாடை."

எல்லாரும் சிரித்தார்கள். அராசேலியும் சிரித்தாள். சிரித்தபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய், குழாயைத் திறந்து முகத்தைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவினாள், கழுவினாள், நிறுத்தவே இல்லை. நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

"பாத்தியா?" என்றாள் பஸ்தோரா. அவள் குரலில் வெற்றி இருந்தது. "எப்படிப் பேசறாரு பாத்தியா? உன்னப் பத்தி எவ்வளவு தெரியுது பாரு."

"தெரியுது. என்னப் பத்தி எல்லாம் தெரியுது. என்னத் தெரியலம்மா."

பஸ்தோரா குழாயை மூடிவிட்டு மகளிடம் துண்டை நீட்டினாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் கதவு மூடிடும். நாளையிலேர்ந்து யாருக்குக் காட்டுவாரு? வருஷம் பூராவும் நீ எங்கேர்ந்து கூட்டம் புடிச்சிட்டு வருவ?"

ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அராசேலி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ்தோரா ஒரு காரியம் செய்தாள். கடைசி நாள் என்றால் எங்கள் தெருப் பெண்கள் எல்லாருமே கொஞ்சம் உடுத்திக்கொள்வோம். அவள் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு, பெட்டியிலிருந்து புள்ளி போட்ட உடையை எடுத்து உடுத்தினாள். தலையில் சிவப்புக் கார்னேஷன் வைத்துக்கொண்டாள். உதட்டுக்குச் சாயம். "மக கூட்டிட்டுப் போறதா இருந்தா, நல்லா இருக்கற முகத்தப் பாத்துட்டுப் போகட்டும்" என்றாள். நான் அழகாக இருக்கிறாய் என்றேன். உண்மையிலேயே அழகாக இருந்தாள்.

கடைசி நாள் வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். வாசலில் நின்ற நகராட்சிப் பெண் எங்களைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் இருந்த நாலைந்து பேரை நிகானோர் தானே வழியனுப்பினார். "நல்லபடியாப் போய்ச் சேருங்க, ஊர்ல போய்ச் சொல்லுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோமாசா, நீயும் உன் வீட்டுக்குக் கிளம்பு. உன் புருஷன் பசியோட இருப்பான்" என்றார் என்னிடம். என் புருஷன் செத்து ஏழு வருஷம் ஆகிறது. ஆனால் என்னைத் தெரிந்திருந்தது. அராசேலியைப் பார்த்து, "நீங்களும்தாம்மா, மூடற நேரம்" என்றார். பிறகு பஸ்தோராவின் முன்னால் வந்து தொப்பியைத் தூக்கினார். "நேரம் ஆச்சுங்கம்மா. நீங்க இன்னும் பாக்கணும்னு ஆசப்படறீங்க, புரியுது. ஆனா வீட்டுக்காரங்களும் சாப்பிடணும் இல்லையா?"

என்னைத் தெரிகிறது, அவளைத் தெரியவில்லை. எனக்கு நிற்கவே வெட்கமாக இருந்தது.

"யோவ், நான்தான்யா" என்றாள் பஸ்தோரா.

"மெதுவாப் பேசுங்க" என்றார் அவர். "என் பொண்டாட்டி உள்ள இருக்கா. கோவக்காரி."

அவர் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஆனார். மறுத்துப் பேசினால் அவருக்கு அப்படித்தான் பதற்றம் வரும், பிறகு அடங்க வெகுநேரம் ஆகும். பஸ்தோரா அதைப் பார்த்தாள். "சரிங்க, கிளம்பறோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நாங்களும் வந்தோம். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டார்.

புள்ளி உடையும் தலையில் பூவுமாக பஸ்தோரா தன் வீட்டு வாசலில் தெருவில் நின்றாள். சாவி உள்ளே இருந்தது. கையில் இருந்திருந்தாலும் தாழ்ப்பாள் போட்டபின் அது எதற்கு? அராசேலி கைப்பேசியை எடுத்தாள். அவள் கண் சிவந்திருந்தது. "போதும்மா. இப்பவே போன் பண்றேன். நாளைக்குக் காலைல கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். பஸ்தோரா தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை. அவள் தோற்றுப்போய் நான் பார்த்தது அன்றுதான்.

அப்போது உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"பஸ்தோரா! எல்லாரும் போயாச்சுடி. வா, சாப்பிடலாம்."

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். நாற்காலியை இழுக்கிற சத்தம்.

"பஸ்தோரா! அடியே!"

மாடிப்படியில் ஏறுகிற சத்தம், இறங்குகிற சத்தம். ஒரு கதவு, இன்னொரு கதவு. குரல் மாறிக்கொண்டே வந்தது. "பஸ்தோரா, விளையாடாத. எங்க இருக்க?" கடைசியில் அது கத்தல் இல்லை, கெஞ்சல்.

அராசேலி காதில் வைத்த கைப்பேசியை இறக்கினாள். பஸ்தோரா கதவில் இரண்டு கையாலும் தட்டினாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. தொப்பி இல்லை, முகமெல்லாம் வியர்வை. "மன்னிச்சுக்கங்கம்மா, மூடியாச்சு. நாளைக்கு வாங்க. என் பொண்டாட்டியக் காணோம். நான் தேடணும்."

"நானும் கூடத் தேடறேன்" என்றாள் பஸ்தோரா. "ரெண்டு கண்ணவிட நாலு கண்ணு மேல். கதவத் தெறங்க."

அவர் யோசித்தார், பிறகு திறந்தார். நாங்கள் பின்னால் போனோம். எங்களை அவர் கவனிக்கவே இல்லை. அந்த முற்றத்தில் பஸ்தோராவை பஸ்தோராவும் நிகானோரும் சேர்ந்து தேடினார்கள். கிணற்றுக்குப் பின்னால், காகிதப்பூவுக்கு அடியில், படிக்குக் கீழே, ஓர் இடம் விடாமல் தேடினார்கள். கால் தடுக்காமல் இருக்க அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"குள்ளமா இருப்பா. அழுக்கு ஏப்ரன். கை பூரா மண்ணு. வாயத் தெறந்தா தெருமுனைக்குக் கேக்கும்." அவர் நின்றார். "இன்னைக்கு சத்தமே இல்ல. அதான் பயமா இருக்கு. அவ சத்தம் கேட்டாதான் எனக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியும்."

பஸ்தோரா அவரை மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தாள். "நீங்க இங்கயே இருங்க. சமையக்கட்ட மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

நான் கதவோரம் நின்றிருந்தேன், எல்லாம் தெரிந்தது. உள்ளே போய்த் தலையிலிருந்த பூவை எடுத்தாள், புறங்கையால் உதட்டைத் துடைத்தாள், புள்ளி உடைக்கு மேலே ஏப்ரனைக் கட்டினாள். பிறகு ரொட்டியும் தக்காளியும் சேர்த்து அரைத்த கட்டியான சால்மோரேஹோ சூப் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தெருமுனைக்குக் கேட்கிற குரலில் கத்திக்கொண்டே வெளியே வந்தாள்.

"யோவ்! எத்தன தடவ கூப்பிடறது? காது என்ன கொந்தேசாவோட போச்சா? மேசையில வந்து உக்காரு!"

நிகானோர் எழுந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "எங்கடி போயிருந்த? வீடு பூரா தேடிட்டேன். பாவம், ஒரு அம்மா என்கூட நின்னு தேடினாங்க."

"யாரு அது?"

"தெரியல. வெளியூரு. நல்ல பொம்பள." சுற்றிப் பார்த்தார். "போயிட்டாங்க போல."

"போகட்டும். நீ சாப்பிடு."

அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் நின்று, சட்டையில் சிந்தாதே, மெதுவாக விழுங்கு, குதிரை மாதிரி உறிஞ்சாதே என்று திட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு நிமிஷம்கூட நிறுத்தவில்லை. எனக்கு அழுகை தாங்கவில்லை, முகத்தைச் சால்வையில் மறைத்துக்கொண்டேன்.

அராசேலி கைப்பேசியைப் பையில் போட்டாள்.

"அங்க கொண்டுபோய் விட்டா, அம்மாவ எங்க போய்த் தேடுவாரு, அத்தை?" என்று என்னிடம் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டு எடுத்துவந்து மேசையில் வைத்தாள். மறுநாள் காலையில் மலாகாவுக்கு அவளே போன் செய்து, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னாள்.